பாலைவனத்தில் ஒரு சவேரியார் கோயில்

லோண்டா வழியாகக் கோவாவுக்குச் செல்லும் வண்டியில் பயணம் செய்த அன்பர்கள் நம் சங்கத்தில் பலர் உண்டு. காஸில் ராக் மலைச்சரிவில் இறங்கி, தூத்சாகர் அருவியைக் குழந்தைகளுக்குச் சுட்டிக் காட்டி, மறுநாள் பழைய கோவாவிலுள்ள பாம் ஜீசஸ் ஆலயத்துக்குள் நுழைந்து, உயரத்தில் வைக்கப்பட்டிருக்கும் வெள்ளிப் பேழையை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். கோயிலென்றால் எந்தச் சமயத்தாரும் கைகூப்பும் பழக்கம் நமக்கு உண்டாகையால், அப்பேழைக்கு முன்னும் கூப்பியே இருப்பார்கள். அதனுள் துயில்பவர் புனித சவேரியார்.

நாஞ்சில் நாட்டிலிருந்து இங்கு வந்து குடியேறிய குடும்பத்தாருக்கு அவரைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. கோட்டாற்றுச் சவேரியார் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படும் நண்பர்கள் நம் அலுவலகத்திலேயே இருக்கின்றனர். 1506ஆம் ஆண்டு ஸ்பெயினின் வடக்கேயுள்ள நவார் நாட்டிற் பிறந்த அவர், 1542இல் கோவாவுக்கு வந்து, அவ்வாண்டே முத்துக்குளித்துறைக்குச் சென்று, பரதவர் குடியிருப்புகளில் கால்நடையாகத் திரிந்தவர். செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து அவற்றை மனப்பாடம் செய்துகொண்டவர். பின்னர் ஜப்பான் வரை சென்று, 1552 டிசம்பர் 3ஆம் நாள் சீனக் கரையோரத் தீவு ஒன்றில் உயிர் நீத்தவர்.

அவர் கால் படாத கண்டம் அமெரிக்கா. ஆயினும் அவர் பெயரைத் தாங்கிய கோயில்களுள் மிக அழகியவற்றுள் ஒன்று அங்கேதான் இருக்கிறது. அதுவும் கடற்கரையில் அன்று. கள்ளிகள் நிறைந்த பாலைவனத்தின் நடுவில். அக்கோயிலின் கதையையும் சிறப்புகளையும் இக்கட்டுரையில் காண்போம். நாம் அதை நேரிற் கண்டவரல்லோம். ஆயினும் ஓய்வு நேரங்களில் நூல்களும் படங்களும் கொண்டு பல மாதங்கள் அதனோடு பழகியிருக்கிறோம்.

இருப்பிடமும் பெயரும்

ஐக்கிய அமெரிக்க நாட்டின் தென்மேற்கு மூலையில், மெக்ஸிகோ எல்லையை ஒட்டி, அரிசோனா என்னும் மாநிலம் உள்ளது. அதன் நகரங்களுள் ஒன்றாகிய டூசானுக்குத் தெற்கே ஏறத்தாழ 16 கிலோ மீட்டர் தொலைவில், சாந்தா குரூஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், நாற்புறமும் புழுதி நிறமான நிலம் விரிந்து கிடக்க, வெள்ளை வெளேரென்று நிற்கிறது இக்கோயில். ‘பாலைவனத்து வெண்புறா’ என்று அந்நாட்டார் இதற்குச் செல்லப் பெயர் இட்டிருக்கின்றனர்.

முறையான பெயர் ‘சான் சவியேர் தெல் பாக்’. ‘சான் சவியேர்’ என்பது ஸ்பானிய மொழியில் நம் சவேரியாரே. ‘பாக்’ என்பது அவ்வூரின் பழம்பெயர். ‘நீர் தோன்றும் இடம்’ என்று அதற்குப் பொருள் கூறுவர். மணலுக்கடியில் மறைந்தோடிய ஆறு அவ்விடத்தருகே மீண்டும் வெளிப்பட்டதால் இப்பெயர் வந்தது. ஆகவே முழுப் பெயரையும் தமிழாக்கினால், ‘நீர் தோன்றும் ஊர்ச் சவேரியார்’ என்றாகும். நம் நாட்டு ஊர்ப்பெயரைப் போலவே இல்லையா?

அந்நிலத்தின் மக்கள் தொகோனோ ஓதாம் என்னும் குடியினர். ‘பாலை நில மக்கள்’ என்பது இப்பெயரின் பொருள். பிறர் இட்ட ‘பாப்பாகோ’ என்ற பெயராலேயே நெடுங்காலம் அழைக்கப்பட்ட இவர்கள், 1986இல் அதனை நீக்கித் தம் மொழிப் பெயரையே சட்டப்படி சூடிக்கொண்டனர். ஐரோப்பியர் வருமுன்பே ஆற்று நீரைக் கால்வாய்களிற் பாய்ச்சிச் சோளமும் அவரையும் பூசணியும் விளைத்து வாழ்ந்தவர்கள் இவர்கள்.

கிழக்கே போக விரும்பியவர்

1692இல் இவ்வூருக்குக் குதிரையேறி வந்தவர் எவுசேபியோ கினோ என்னும் யேசு சபைப் பாதிரியார். இன்றைய இத்தாலியின் வடக்கே மலைநாட்டுச் சிற்றூர் ஒன்றில் 1645இற் பிறந்தவர். கணிதமும் வானநூலும் கற்றவர். இளமையிற் கடும் நோயுற்றபோது, பிழைத்தால் சவேரியாரின் வழியிற் செல்வதாக நேர்ந்துகொண்டு, பிழைத்தெழுந்ததும் அவர் பெயராகிய ‘பிரான்சிஸ்கோ’வைத் தம் பெயருடன் சேர்த்துக்கொண்டார்.

சவேரியாரைப் போலவே கிழக்குக்குச் சென்று சீனத்தில் தொண்டாற்ற வேண்டுமென்பது அவரது பேராவல். 1678இல் அவருக்கும் அவர் தோழர் ஒருவருக்கும் உத்தரவு வந்தது. ஒருவர் சீனத்துக்குச் செல்லும் வழியிலுள்ள பிலிப்பைன் தீவுகளுக்கும், மற்றவர் மெக்ஸிகோவுக்கும் செல்ல வேண்டும். இருவருக்குமே கிழக்கின் மீது ஆசை. முடிவில் இரண்டு சீட்டுகள் எழுதிக் குலுக்கிப் போட்டனர். கினோவின் கைக்கு வந்த சீட்டு மெக்ஸிகோ!

இதைப் படித்தபோது நமக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் கனத்தது. தென்னகத்துக்கு மாற்றல் கேட்டு மனு எழுதி, வடக்கே உத்தரவு பெற்று, பெட்டி படுக்கையுடன் வந்து இறங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்! கினோ அச்சீட்டைக் கிழித்தெறியவில்லை. கப்பலைத் தவறவிட்டு ஸ்பெயினில் ஈராண்டுக்கு மேல் காத்திருந்து, 1681இல் மெக்ஸிகோ சேர்ந்து, எஞ்சிய முப்பதாண்டுகளையும் அந்த வறண்ட நாட்டிலேயே கழித்தார். குதிரையிலேறி ஆயிரக்கணக்கான மைல் திரிந்தார். ஆறுகளையும் ஊர்களையும் படமாக வரைந்தார். தீவு என்று பலரும் எண்ணியிருந்த கீழைக் கலிபோர்னியா தீவன்று, நிலத்தோடு ஒட்டிய தீபகற்பமே என்று காட்டிய நிலப்படம் அவருடையது. 1705இல் அது அச்சேறியது.

பாக் ஊரில் எண்ணூறுக்கு மேற்பட்ட மக்கள் இருந்தனரென்றும், அன்பாகப் பழகினரென்றும் அவர் எழுதி வைத்திருக்கிறார். தாம் போக முடியாத கிழக்கின் நினைவாகவோ, நோயில் காத்தவர் என்ற நன்றியாலோ, அவ்வூருக்குச் சவேரியார் பெயரைச் சூட்டினார். 1700 ஏப்ரலில் ஒரு கோயிலுக்கு அடிக்கல்லும் நாட்டினார். தாமே வந்து அவ்வூரில் தங்கவும் விரும்பினார். ஆனால் அவர் இருந்த டோலோரஸ் என்னும் ஊருக்கு மாற்றாள் கிடைக்காமையால் அவரை விடுவிக்க இயலவில்லை. அக்கோயிலும் முற்றுப்பெறவில்லை. 1711இல் கினோ இறந்தார். இன்று நிற்கும் கோயில் வேறு. அது எழ இன்னும் எழுபதாண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

மிஷன் என்பது யாது?

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். ஸ்பானிய ‘மிஷன்’ என்பது வெறும் கோயிலன்று. ஸ்பெயின் அரசர் புதிதாகப் பற்றிய நிலத்தில், பழங்குடிகளை ஓரிடத்திற் கூட்டி, சமயமும் உழவும் தொழிலும் கற்பித்து, அரசின் குடிகளாக ஆக்கும் ஏற்பாடு அது. கோயிலைச் சுற்றி வயலும் தொழுவமும் பட்டறையும் இருக்கும். கோதுமையும் கால்நடையும் இந்நிலத்துக்கு வந்தது கினோவின் வழியாகத்தான். ஓதாம் மக்களின் பழைய பயிர்கள் கோடையிலே விளைபவை. கோதுமையோ குளிர்காலப் பயிர். ஆண்டில் வெறுங்கையாக இருந்த மாதங்களில் அது அவர்களுக்குச் சோறு போட்டது.

ஆயினும் நன்மை மட்டுமே வந்ததென்று எழுதினால் அது நேர்மையாகாது. ஐரோப்பியர் கொணர்ந்த அம்மை முதலிய நோய்கள் ஊர் ஊராக மக்களைக் கொண்டு போயின. கட்டாய உழைப்பும் தண்டனையும் மனக்கசப்பை வளர்த்தன. 1751இல் அந்நாட்டுப் பழங்குடிகள் கிளர்ந்தெழுந்தபோது பாக் மிஷனும் சூறையாடப்பட்டது. பின்னர் ஒரு பாதிரியார் பச்சைச் செங்கல்லால் ஒரு கோயில் எழுப்பினார். 1767இல் ஸ்பெயின் மன்னர் மூன்றாம் சார்லஸ், யேசு சபையார் அனைவரையும் தம் நாடுகளிலிருந்து வெளியேற்றினார். மறு ஆண்டு, பிரான்சிஸ்கு சபையைச் சேர்ந்த கார்சேஸ் என்னும் துறவி பாக் ஊருக்குப் பொறுப்பேற்றார். அப்பாச்சி என்னும் மறக்குடியினரின் தாக்குதலும் ஓயாத காலம் அது.

சபை மாறியது. ஆனால் ஊரின் பெயர் மாறவில்லை. பிரான்சிஸ்கு சபையார் வேறு சபைப் புனிதரின் பெயரை மாற்றாமல், சவேரியாரின் பெயரிலேயே புதுக் கோயிலையும் எழுப்பினர். இப்பெருந்தன்மை நினைக்கத் தக்கது.

கோதுமையின் மேல் வாங்கிய கடன்

இப்போதுள்ள கோயிலின் வேலை 1783இல் தொடங்கி 1797இல் ஓய்ந்தது. தொடங்கியவர் வெல்தெர்ரைன் என்னும் துறவி; அவர் இடையிலேயே மறைந்தார்; முடித்தவர் யோரென்ஸ் என்பவர். தலைமைக் கொத்தனார் இக்னாசியோ கவோனா என்பர். மண் பிசைந்தும் செங்கல் சுட்டும் சுண்ணாம்பு நீற்றியும் சுவரெழுப்பியும் உழைத்தவர்கள் ஓதாம் மக்களே. அவர்களுடைய பெயர்கள் எக்கல்லிலும் பொறிக்கப்படவில்லை.

பணத்துக்கு என் செய்தார்கள்? ஏரெரோஸ் என்னும் பண்ணையார் ஒருவரிடம் 7,000 பெசோ கடன் வாங்கினார்கள். அடகாக வைக்கப் பொன்னில்லை, பொருளில்லை. இனி விளையப்போகும் கோதுமையே அடகு! கணக்குப் பேரேடு எழுதும் தொழிலிலுள்ள நாம் இவ்விடத்திற் சற்று நின்று வியந்தோம். மழை பொய்க்கும் நாட்டில், விதைக்காத பயிரை நம்பிக் கடன் கொடுத்தவர் துணிவைப் போற்றுவதா, வாங்கியவர் துணிவைப் போற்றுவதா?

பாலைவனத்தில் உத்தரத்துக்குரிய நெடுமரம் கிடைப்பது அரிது. எனவே கூரை முழுவதையும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டே வளைவுகளாகவும் குவிமாடங்களாகவும் கட்டினர். இன்றைய ஐக்கிய அமெரிக்க எல்லைக்குள் உள்ள ஸ்பானியர் காலக் கட்டடங்களில், முழுக் கூரையும் இவ்வாறு கட்டப்பட்டிருப்பது இதற்குரிய தனிச்சிறப்பு. மதுரைத் திருமலை நாயக்கர் மகாலின் வளைவுகளை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு இம்முறை புதிதன்று.

முகப்பும் ஒற்றைக் கோபுரமும்

வெண்மையான இரு கோபுரங்களுக்கு நடுவே, செம்மண் நிறத்தில், சிற்ப வேலை நிறைந்த முகப்பு உயர்ந்து நிற்கிறது. வெண்துகிலின் நடுவில் பட்டுக்கரை இட்டாற் போன்ற காட்சி. பூவேலைப்பாடு நிறைந்த தூண்கள், மாடங்களில் நான்கு பெண் புனிதர்கள், சிப்பி வடிவங்கள், உச்சியில் அசிசி நகர்ப் பிரான்சிசின் உருவம். மழையும் வெயிலும் அவ்வுருவத்தை அடையாளம் தெரியாதபடி தேய்த்துவிட்டன.

முகப்பின் மேற்பகுதியில் இரு பக்கமும் சுருள் வளைவுகள் உண்டு. ஒரு சுருளின் மேல் பூனையொன்று பதுங்கியிருக்கிறது. எதிர்ச் சுருளின் மேல் ஓர் எலி. பூனை எலியைப் பிடிக்கும் நாளில் உலகம் அழியும் என்பது அவ்வூர் வழக்கு. இருநூறாண்டுகளுக்கு மேலாகப் பூனை பொறுத்திருக்கிறது, நாமும் பிழைத்திருக்கிறோம்.

கோபுரங்களில் மேற்குக் கோபுரமே முற்றுப்பெற்றது. கிழக்குக் கோபுரத்துக்கு மேல்முடி இல்லை. ஏன் நிறுத்தினார்கள் என்பதற்குக் கதைகள் பல. கோபுரத்திலிருந்து ஒருவர் விழுந்து இறந்தமையால் விட்டுவிட்டனர் என்பார் சிலர். கட்டடம் முடிந்தால் வரி கட்ட வேண்டுமென்று குறையாக வைத்தனர் என்பார் வேறு சிலர். கைப்பணம் தீர்ந்தது என்பார் பலர். பேரேட்டுக்காரராகிய நம் மனம் மூன்றாவது காரணத்தையே நாடுகிறது. இக்குறையே இன்று கோயிலுக்கு அடையாளமாகிவிட்டது. படத்தில் ஒருமுறை கண்டவர் மறுமுறை தவறாமல் இனம் கண்டுகொள்வர்.

உள்ளே

சிலுவை வடிவிலமைந்த கோயிலினுள் நுழைந்தால், வெளியே உள்ள வெண்மையும் வெறுமையும் ஒரு நொடியில் மறைந்து, எங்கும் வண்ணமும் பொன்னும் நிறைகின்றன. பலிபீடத்தின் பின்சுவர் முழுவதும் தூண்களும் மாடங்களும் தேவதூதருமாகத் தரையிலிருந்து வளைவு வரை எழும்பி நிற்கிறது. மரத்திற் செதுக்கியது போலத் தோன்றும். ஆனால் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை பூசி, வண்ணமும் பொன்தகடும் இட்டது. நடு மாடத்தில் நிற்பவர் சவேரியார். மேலே அன்னை மரியாள். அதற்கும் மேலே பிதாவாகிய இறைவன்.

வறுமை தன்னை மறைத்துக்கொள்ளச் செய்த கலைகள் இங்குப் பல உண்டு. பளிங்கு வாங்க வழியில்லை. சுவரில் பளிங்கு போலவே வண்ணம் தீட்டினர். மெருகு ஓடுகள் பதிக்க இயலவில்லை. ஓடுகளையும் எழுதியே காட்டினர். ஒரு பக்கத்தில் உண்மையான கதவு இருந்தால், எதிர்ப்பக்கத்தில் அதற்கிணையாக ஒரு கதவைச் சுவரில் வரைந்துவிட்டனர். சுவரின் மேல்விளிம்பை ஒட்டி ஒரு கயிறு கோயிலைச் சுற்றி ஓடுகிறது. அது பிரான்சிஸ்கு சபைத் துறவியர் இடையிற் கட்டும் கயிற்றைக் குறித்துச் செய்த சிற்பம். பீடத்தருகே இரு சிங்கங்கள் ஸ்பெயின் அரசின் சின்னமாகக் காவல் இருந்தன.

மேற்குப் புறக் கையில், படுத்த நிலையில் சவேரியாரின் உருவம் ஒன்று உள்ளது. கோவாவில் பேழைக்குள் துயிலும் கோலமே இது. மக்கள் வரிசையாக வந்து, தலைக்கடியிற் கை கொடுத்து, மெல்லத் தூக்கி முத்தமிட்டுச் செல்கின்றனர். நெஞ்சில் மாசுள்ளவர் தூக்கினால் தலை எழாது என்பது நம்பிக்கை. போர்த்தியுள்ள துணியில் கை, கால், கண், இதயம் ஆகிய வடிவங்களிற் செய்த சிறு உலோகத் தகடுகளைக் குத்தி வைக்கின்றனர். நோயாளிகளின் நிழற்படங்களும், மருத்துவமனையிற் கையிற் கட்டும் பட்டைகளும் அவற்றோடு தொங்குகின்றன. வேளாங்கண்ணியிலும் நம் அம்மன் கோயில்களிலும் கண்மலரும் கை கால் உருவமும் காணிக்கை செலுத்தும் தாய்மாரை நன்கறிந்த நமக்கு, இதற்கு உரை வேண்டியதில்லை. கையில் நோய் வந்தால் கையைச் செய்து வைப்பது என்னும் எண்ணம், ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்காமலே இரு கண்டத்து மக்களுக்கும் தோன்றியிருக்கிறது.

ஊரார் காத்த பாத்திரங்கள்

கட்டி முடித்த கால் நூற்றாண்டுக்குள் கோயில் அநாதையாகத் தொடங்கியது. 1821இல் மெக்ஸிகோ விடுதலை பெற்றது. ஸ்பெயினிற் பிறந்த துறவியர் நாட்டை விட்டுப் போக நேர்ந்தது. 1837க்குப் பின் கோயிலில் தங்கியிருந்து பூசை செய்யப் பாதிரியார் இல்லை. 1854இல் அந்நிலப் பகுதியை மெக்ஸிகோவிடமிருந்து அமெரிக்கா விலை கொடுத்துப் பெற்றது. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. நாடு மட்டும் அதன் தலைக்கு மேலே இருமுறை மாறிவிட்டது.

1859இல், புதிய மறைமாவட்டத்தின் சார்பாக ஒரு குரு இக்கோயிலைப் பார்வையிட வந்தார். கூரையில் ஒழுக்கு; சுவரிற் சிதைவு. ஆனால் அவரைத் திகைக்க வைத்தது வேறொன்று. பூசைக்குரிய விலையுயர்ந்த பாத்திரங்களை ஊரார் தத்தம் வீடுகளில் ஒளித்துவைத்துக் காத்திருந்து, அவர் கையில் கொண்டுவந்து ஒப்படைத்தனர். பசியும் பகையும் நிறைந்த அந்நாட்களில் அவற்றை விற்றிருந்தால் கேட்பார் எவருமில்லை. கோயிலை எழுப்பிய உழைப்பு இவர்களுடைய பாட்டன்மாரது. அதைக் காப்பாற்றிய நேர்மை இவர்களுடையது. இதனையே இக்கோயிலின் வரலாற்றில் முதற் செய்தியாக நாம் கொள்கிறோம்.

பின்னர் 1887இல் நிலநடுக்கம் கோயிலுக்குச் சேதம் விளைத்தது. 1906இல் கிரான்ஜோன் என்னும் ஆயர் பெரும் பழுதுபார்ப்பைத் தொடங்கினார். 1913இல் பிரான்சிஸ்கு சபையார் திரும்பி வந்தனர். 1939இல் மேற்குக் கோபுரத்தில் இடி விழுந்தது. ஒவ்வொரு முறையும் கோயில் மீண்டெழுந்தது. ஆனால் நிலநடுக்கத்தையும் இடியையும் தாங்கிய சுவரை, நல்லெண்ணத்தோடு செய்த ஒரு வேலை வீழ்த்தப் பார்த்தது.

சிமென்டும் சப்பாத்திக் கள்ளியும்

இருபதாம் நூற்றாண்டிற் பழுது பார்த்தவர்கள், உறுதியாக இருக்கட்டும் என்று எண்ணிப் பழைய சுண்ணாம்புப் பூச்சின் இடத்திற் சிமென்டைப் பூசினர். குறைந்த சூட்டிற் சுட்ட பழைய செங்கல் மென்மையானது. சுண்ணாம்பு ஈரத்தை உள்வாங்கினாலும் வெயிலில் வெளிவிட்டுவிடும். சிமென்டோ இறுகி நிற்கும். அதில் மயிரிழை வெடிப்பு ஒன்று ஏற்பட்டால் போதும். மழைநீர் உள்ளே புகுந்து, வெளியேற வழியின்றித் தங்கி, செங்கல்லைக் கரைத்து உட்புறமாகக் கசியத் தொடங்கும். அவ்வாறே நிகழ்ந்தது. 1980களின் இறுதியில் ஈரம் உட்சுவரை எட்டி, ஓவியங்களும் வண்ணப் பூச்சும் உப்புப் பூத்து உதிரலாயின.

இதனைப் படித்தபோது நம் குடியிருப்பின் சுவர் நினைவுக்கு வந்தது. பழைய காலத்துச் சுண்ணாம்புச் சுவர் அது. ஓரிடத்திற் காரை பெயர்ந்தமைக்காக நாமே ஆள் வைத்துச் சிமென்டு பூசி, வழவழப்பாக இருக்கிறதென்று மகிழ்ந்தோம். இரண்டு மழைக்காலம் சென்றது. பூசிய இடம் அப்பளம் போல் உப்பி விழுந்தது; உள்ளே செங்கல் மாவாகிக் கிடந்தது. அதைப் பார்க்க வந்தவர், ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து இளமையில் இங்கு வந்த முதிய கொத்தனார் ஒருவர். விரலால் அம்மாவைத் தடவிப் பார்த்துவிட்டு, “சுவருக்கும் மூச்சு வேணும் தம்பி, நீங்க மூக்கைப் பொத்திட்டீங்க” என்றார். அரிசோனாவின் அறிஞர்கள் பல ஆண்டு ஆராய்ந்து கண்டதை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

கோவாவில் சவேரியாரின் பேழை இருக்கும் ஆலயத்துக்கு நேர்ந்ததோ இதற்கு மறுதலை. 1950களில் அதன் வெளிப்பூச்சை அடியோடு நீக்கிவிட்டனர். செந்நிறச் செம்புரைக் கல் அழகாகத்தான் தோன்றுகிறது. ஆனால் மேலாடை இழந்த கல்லைக் கொங்கண மழை அரித்து வருகிறது. மீண்டும் பூச வேண்டுமென்று கட்டடக் கலையறிந்தோர் வற்புறுத்தி வருகின்றனர். ஒரே புனிதரின் இரு கோயில்கள். ஒன்றுக்குப் பொருந்தாப் போர்வையால் தீங்கு, மற்றொன்றுக்குப் போர்வை இன்மையால் தீங்கு.

பாக் கோயிலைக் காக்க 1978இல் ‘பத்ரொனாத்தோ’ என்னும் பொதுக் குழு ஒன்று, சமயச் சார்பின்றி, தோன்றியிருந்தது. அதன் முயற்சியால் 1992 முதல் 1997 வரை, இத்தாலி முதலிய நாடுகளிலிருந்து வந்த வல்லுநர்கள் உட்புறச் சிற்பங்களையும் ஓவியங்களையும் சீர் செய்தனர். இருநூறாண்டு மெழுகுவத்திப் புகை அகன்றது. கறுத்துக் கிடந்த வானதூதர் முகங்கள் சிவந்தும் பொலிந்தும் வெளிப்பட்டன. வல்லுநர்கள் தாங்களே செய்துவிட்டுப் போகவில்லை. அவ்வூர் ஓதாம் இளைஞர் சிலரைச் சீடராகக் கொண்டு தொழிலைக் கற்பித்தனர். கோயிலைக் கட்டியவர்களின் வழித்தோன்றல்களே அதன் வைத்தியர்களாயினர்.

வெளிச் சுவரில் சிமென்டைச் சிறுகச் சிறுகக் கொத்தியெடுத்து, பழைய முறைப்படி சுண்ணாம்பும் மணலும் கலந்து பூசினர். அதிற் சேர்க்கும் பசை என்ன தெரியுமா? சப்பாத்திக் கள்ளியின் சாறு! மடல்களை வெட்டி நீரிலிட்டு, வழவழப்பான சாற்றைப் பிரித்து, சுண்ணாம்பில் விடுகின்றனர். பூச்சு எளிதில் வெடிக்காமலும், நீரைத் தாங்கியும், மூச்சு விட்டும் நிற்கிறது. நம் முன்னோர் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரைச் சாந்திற் கலந்ததை இங்கு எண்ணிப் பார்க்கலாம். ரயில் பாதையோரங்களில் நாம் நாள்தோறும் பார்க்கும் சப்பாத்திக் கள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம் நாட்டுக்கு வந்ததே. வேலிக்கு மட்டுமே உதவும் என்று நாம் ஒதுக்கும் செடி, அதன் பிறந்த நாட்டில் ஒரு கோயிலைக் காத்து நிற்கிறது.

நீர் மறைந்த கதை

கோயில் மீண்டது, ஆறு மீளவில்லை. ‘நீர் தோன்றும் இடம்’ என்று பெயர் பெற்ற ஊரில், நகரமும் சுரங்கங்களும் பெரும் பண்ணைகளும் இயந்திரங்களால் நிலத்தடி நீரை உறிஞ்சியமையால் ஊற்றுகள் வற்றின, ஆற்றுமணல் காய்ந்தது, ஓதாம் மக்களின் வயல்கள் தரிசாயின. 1975இல் வழக்கு எழுந்தது. 1982இல் அவர்களுடைய நீருரிமையை ஏற்று ஒரு சட்டம் பிறந்தது. 2004இல் அது திருத்தப்பட்டது. இன்று தொலைவிலுள்ள கொலராடோ ஆற்றின் நீர் கால்வாய் வழியே வந்து அவ்வயல்களிற் பாய்கிறது. சுவரைக் காப்பதோடு கடமை தீர்ந்துவிடாது. சுவரைச் சுற்றி வாழும் மக்களின் நீரும் நிலமும் காக்கப்பட்டால்தான் கோயிலில் விளக்கெரியும்.

இன்றும் அக்கோயில் காட்சிப் பொருளன்று. 1960இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பின்னும், அவ்வூராரின் திருமுழுக்கும் திருமணமும் இறுதி வழிபாடும் அங்கேதான் நிகழ்கின்றன. டிசம்பர் 3ஆம் நாள் சவேரியாரின் திருநாள். அன்று கோட்டாற்றிலும் கோவாவிலும் அரிசோனாப் பாலைவனத்திலும் ஒரே பெயரைச் சொல்லி மக்கள் கூடுகின்றனர்.

சென்ற ஆண்டு நம் சங்கக் கூடத்தின் கூரை மாற்றப்பட்ட மாதங்களில், குத்துவிளக்கு ஒருவர் வீட்டிலும், நூல்கள் நான்கு வீடுகளிலும், ஆர்மோனியம் நம் வீட்டுக் கட்டிலுக்கடியிலுமாக இருந்தமை அன்பர்களுக்கு நினைவிருக்கும். திறப்பு நாளன்று எல்லாம் குறையாது திரும்பி வந்தன. அன்று அதைப் பெரிதாக எண்ணவில்லை. பாக் ஊரார் பாத்திரங்களை ஒப்படைத்த செய்தியைப் படித்த இரவில்தான், எதைக் கட்டினோம் என்பதைவிட எதை ஒளித்துக் காத்தோம் என்பதே ஓர் ஊரின் பெருமை என்று நமக்குப் பட்டது.

அடுத்த முறை கோவா வண்டியில் ஏறுவோர், ஜன்னல் வழியே சப்பாத்திக் கள்ளிப் புதர் ஒன்றைக் கண்டால், குழந்தைகளுக்கு இக்கதையைச் சொல்லுங்கள். சவேரியாரின் பேழையைக் காணப் போகும் வழியிலேயே, அவருடைய தொலைதூரக் கோயிலைத் தாங்கும் செடியைக் கண்டுவிட்டதாக அவர்கள் மகிழ்வார்கள்.